பழைய பைக்கில் வந்து வந்து போகும் ஏபிஎஸ் விளக்கு: சென்சாரை மாற்றுவதா, வேறெங்காவது தேடுவதா?

மழைப்பயணி:
நிறைய ஓடிய பழைய பைக் என்னுடையது, முன்னும் பின்னும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி. கொஞ்ச நாளாக ஏபிஎஸ் விளக்கு படுத்துகிறது. சாவி போட்டதும் எரிகிறது, வண்டி நகர்ந்ததும் அணைகிறது, அதுவரை எல்லாம் சரி. அப்புறம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபடி எரிந்து அப்படியே நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்தி சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் போய்விடுகிறது. ஒரு நாள் முழுக்க வராமலும் இருக்கும், இன்னொரு நாள் கிளம்பியதுமே வரும். பிரேக் பிடிப்பதில் எந்தக் குறையும் இல்லை. மெக்கானிக் கோளாறுக் குறியீட்டைப் படித்துவிட்டு, "முன் சக்கர சென்சார் என்று காட்டுகிறது, மாற்றிவிடலாம்" என்றார். புது சென்சார் மலிவான பொருள் இல்லை. மாற்றியும் விளக்கு வந்தால் என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறேன். டயர் சமீபத்தில் மாற்றியது, அதே அளவுதான். மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவு பயன்படுத்தத் தெரியும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒயர்மேன்:
இப்போதைக்கு சென்சார் வாங்காதீர்கள். குறியீடு சொல்வது "முன் சக்கர வேகத் தகவல் எனக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை" என்பது மட்டும்தான். அந்தத் தகவல் சக்கரத்தில் உள்ள பல் வளையத்தில் பிறந்து, சென்சார், அதன் ஒயர், ஃபோர்க் ஓரமாக ஏறும் பகுதி, ஹேண்டில்பாருக்குக் கீழே வளையும் இடம், ஒன்றோ இரண்டோ கனெக்டர் என்று கடந்து ஏபிஎஸ்ஸை இயக்கும் கண்ட்ரோல் யூனிட்டுக்குப் போகிறது. இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் குறியீடு ஒன்றேதான். முழுதாகச் செத்துப்போன சென்சார் வந்து வந்து போகாது, எப்போதும் விளக்கை எரிய வைத்துக்கொண்டே இருக்கும். வந்து போகிறது என்றாலே ஏதோ ஒன்று அசைகிறது, சூடாகிறது அல்லது நனைகிறது.

அதனால் முதல் வேலை மல்டிமீட்டர் இல்லை, கவனிப்பதுதான். விளக்கு வரும்போது என்ன வேகம், நேராகப் போகிறீர்களா திரும்புகிறீர்களா, குழியில் இறங்கி ஏறினீர்களா, என்ஜின் சூடா, மழையா, ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர் ஏதாவது போட்டிருந்தீர்களா. இதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். வேறு எதைவிடவும் உங்கள் செலவைக் குறைக்கப் போவது அந்தத் தாள்தான்.

நெடுஞ்சாலை:
நான் பேட்டரியில் ஆரம்பிப்பேன். பழைய ஏபிஎஸ் வண்டிகளில் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வரும். பைக்குக்கு ஏபிஎஸ் வந்ததே 1988-இல் பிஎம்டபிள்யூ கே100 மூலமாகத்தான், அந்தக் காலத்திலிருந்தே இந்தக் கதை உண்டு. 90-களின் பிஎம்டபிள்யூ ஆர்1100 வரிசை வண்டிகளில் பேட்டரி கொஞ்சம் தளர்ந்துவிட்டால் போதும், ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் சரிந்து, ஏபிஎஸ் தன்னைத் தானே சோதிக்கும் நேரத்தில் கோளாறு என்று பதிவாகிவிடும். ஓட்டுபவருக்கு பிரேக்கில் ஏதோ பிரச்சினை என்று தோன்றும், உண்மையில் தளர்ந்த பேட்டரி.

பார்க்க வேண்டியது இதுதான். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கக்கூடாது. என்ஜினைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும், ஹெட்லைட் போட்ட பிறகும். அதற்கு மேல் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை ஏபிஎஸ் யூனிட்டின் எர்த் இணையும் போல்ட்டிலும் வைத்து, எல்லா விளக்கும் எரியும் நிலையில் வோல்ட் அளவில் பாருங்கள். 0.1 வோல்ட், மிஞ்சிப் போனால் 0.2 வரை இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் அந்த போல்ட்டைக் கழற்றி உலோகம் தெரியும் வரை தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஓம் அளவில் பார்த்தால் இது பிடிபடாது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் மிச்சம் இருந்தாலும் ஓம் மீட்டர் நல்ல ஒயர் என்றே சொல்லும்.

ஃபியூஸ் பெட்டியையும் விட்டுவிடாதீர்கள். ஏபிஎஸ் பம்ப் மோட்டாருக்குத் தனி ஃபியூஸ் இருக்கும், கொஞ்சம் பெரியது. ஃபியூஸ் நன்றாக இருந்தாலும் அதைப் பிடிக்கும் கிளிப் துருவேறித் தளர்ந்திருக்கும்.

மழைப்பயணி:
எழுதி வைத்தேன், அளந்தும் பார்த்தேன். நின்ற நிலையில் 12.7, ஓடும்போது 14.1, ஸ்டார்ட் செய்யும்போது 10.6-க்குக் கீழே போகவில்லை. எர்த்தில் 0.03. ஆக மின்சாரப் பக்கம் நல்லாவே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எப்போது வருகிறது என்று பார்த்தால், நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது வரவே இல்லை. யூ டர்ன் எடுக்கும்போதும், குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்பும்போதும், மெதுவாகப் போகும்போதும்தான் வருகிறது. மழைக்கும் இதற்கும் சம்பந்தம் தெரியவில்லை.

பழையஇரும்பு:
மெதுவாகப் போகும்போது என்றதும் எனக்கு சென்சாருக்கும் பல் வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மேல்தான் சந்தேகம் போகிறது. உங்கள் வண்டி பழையது என்பதால் சென்சார் பெரும்பாலும் பழைய வகையாக இருக்கும். உள்ளே ஒரு காந்தமும் சுருளும் மட்டும்தான். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது சுருளில் ஒரு சின்ன மின் அலை பிறக்கும். சக்கரம் வேகமாகச் சுற்றினால் அலை பெரிதாக இருக்கும், மெதுவாகச் சுற்றினால் சிறிதாகிவிடும். நின்றால் ஒன்றுமே இல்லை. இடைவெளி கொஞ்சம் கூடிவிட்டால் வேகத்தில் எதுவும் தெரியாது, அலை போதுமான அளவு பெரிதாகவே இருக்கும். வேகம் குறையக் குறைய அந்தச் சக்கரத்தின் தகவல் மட்டும் முன்கூட்டியே காணாமல் போகும்.

இடைவெளி ஏன் கூடும்? சென்சார் உட்காரும் இடத்தில் துருவேறி அதை வெளியே தள்ளும். வீல் பேரிங் தேய்ந்து சக்கரம் ஆடும். அல்லது, இது முக்கியம், டயர் மாற்றும்போது சக்கரத்தைப் பல் வளையம் கீழே படும்படி தரையில் போட்டிருப்பார்கள், மெல்லிய வளையம் லேசாக வளைந்திருக்கும். நீங்கள் சமீபத்தில் டயர் மாற்றியதாகச் சொன்னீர்கள். பிரச்சினை அதற்கு முன்னாலா, பின்னாலா?

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் மெதுவாகச் சுற்றி, வளையம் சென்சாருக்குப் பக்கத்தில் ஒரே சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டு ஒரு சுற்றில் பல இடங்களில் அளக்க வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும், அடுத்தவர் வண்டியின் அளவை வைத்துக்கொண்டு எதையும் செய்யாதீர்கள். சென்சாரைக் கழற்றினால் முனையைத் துடையுங்கள். அது காந்தம், பிரேக் டிஸ்க்கிலிருந்து வரும் இரும்புத் தூள் அதில் அப்பிக்கொண்டு நிற்கும்.

முதல்கியர்:
நடுவே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஏபிஎஸ்ஸால் தலைவலி. ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் நிம்மதியாக ஓட்டலாமே? ஏபிஎஸ் இல்லாமல் எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம். இன்னும் சிலர் யூனிட்டையே கழற்றிவிட்டு நேராகக் குழாய் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒயர்மேன்:
வேண்டாம். அழுத்தமாகவே சொல்கிறேன். விளக்கு எரியும்போது பெரும்பாலான வண்டிகளில் சாதாரண பிரேக் இருக்கும், ஏபிஎஸ் மட்டும் விலகிக்கொள்ளும், அது உண்மை. ஆனால் எல்லா வண்டியும் அப்படி இல்லை. 2000-களின் தொடக்கத்தில் பிஎம்டபிள்யூவின் சில மாடல்களில் வந்த இன்டக்ரல் ஏபிஎஸ்ஸில் மின் பம்ப்தான் பிரேக்குக்கு வலு கொடுக்கும். அதில் மின்சாரம் போனால் லீவரை இறுக்கிப் பிடித்தாலும் மிச்சம் இருப்பது கொஞ்சம் பிரேக்தான். முன், பின் பிரேக்குகளை இணைத்துக் கட்டிய வண்டிகளில் அழுத்தத்தைப் பங்கிடுவதும் அந்த அமைப்பின் வேலை. ஃபியூஸைப் பிடுங்கும் முன் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிய வேண்டும்.

குழாயை நேராகப் போடுவது இன்னும் மோசம். அந்த வண்டியின் பிரேக் அமைப்பு ஏபிஎஸ்ஸோடு சேர்த்து வடிவமைத்தது. நனைந்த சாலையில் ஒருவர் குறுக்கே வரும்போது நாம் யாருமே அளந்து பிரேக் பிடிப்பதில்லை, பயத்தில் இறுக்கிப் பிடிக்கிறோம். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி விழுவதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்று தெரியாத ஏபிஎஸ்ஸும் ஆபத்துதான், அதை ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் சரிசெய்யச் சொல்கிறேன். அதுவரை விளக்கு எரிந்தால் ஏபிஎஸ் இல்லை என்றே நினைத்து இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

பல்சக்கரம்:
அளக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம். முதலில் சென்சார் எந்த வகை என்று உறுதி செய்யுங்கள். இரண்டு ஒயர் இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது, புதிய வகையிலும் இரண்டு ஒயர் உண்டு. புதிய வகைக்கு மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும், வேகத் தகவலை 7, 14 மில்லி ஆம்பியர் என்று மாறி மாறிக் காட்டும். அதை ஓம் மீட்டரில் அளந்து ஒரு பயனும் இல்லை, சில நேரம் கெட்டும் போகும். சர்வீஸ் புத்தகத்தில் சென்சாருக்கு ஓம் அளவு கொடுத்திருந்தால் அது பழைய சுருள் வகை.

சுருள் வகை என்றால் கனெக்டரைக் கழற்றி சென்சார் பக்கம் அளக்கலாம். பொதுவாக ஆயிரம் ஓம், இரண்டாயிரம் ஓம் என்ற அளவில் இருக்கும், துல்லியமான எண்ணுக்குப் புத்தகம்தான். இரண்டு முனைகளில் எதற்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே தொடர்பே இருக்கக்கூடாது. மழையில் மட்டும் கோளாறு வருபவர்கள் இதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும், ஒயரை நனைத்துவிட்டு. சூடானால் மட்டும் கோளாறு என்றால் சென்சாரை ஹேர் டிரையரால் சூடாக்கி அளக்கலாம். செம்புக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் தடை கூடும், ஆகவே 50 டிகிரி சூடேறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடுவது இயல்பு, பதற வேண்டாம். முடிவில்லாத தடை என்று குதித்தால்தான் உள்ளே சுருள் விட்டுப்போயிருக்கிறது.

அப்புறம் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எண் சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் வேகம் கூடக் கூட சீராக ஏற வேண்டும். ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) கிடைத்தால் இன்னும் நல்லது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் அலை சுருங்கினால் வளையம் வளைந்திருக்கிறது அல்லது ஒரு பல் சிதைந்திருக்கிறது.

ஆனால் மழைப்பயணி, நீங்கள் எழுதியதைப் படித்தால் "மெதுவாக" என்பதும் "திரும்பும்போது" என்பதும் ஒன்றாகக் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரிக்க வேண்டும். காலியான இடத்தில் நேராக, நடக்கும் வேகத்தில் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். வரவில்லை என்றால் இடைவெளி மேல் பழி போட முடியாது. அப்புறம் இடது பக்கம் முழுக்க ஒடித்து ஒரு வட்டம், வலது பக்கம் ஒடித்து ஒரு வட்டம்.

மழைப்பயணி:
அருமையான யோசனை. நேராக எவ்வளவு மெதுவாகப் போனாலும் வரவில்லை. வலது வட்டத்திலும் வரவில்லை. இடது பக்கம் முழுக்க ஒடித்ததும் வந்துவிட்டது, திரும்பச் செய்தாலும் அப்படியே. வளையத்தையும் பார்த்தேன், சீராக ஓடுகிறது, பேரிங்கில் ஆட்டம் இல்லை. பழையஇரும்பு கேட்டதற்குப் பதில்: பிரச்சினை டயர் மாற்றுவதற்கு முன்பே இருந்தது. சென்சார் சுருள் வகைதான், அளவும் புத்தகத்தில் உள்ள எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஒயர்மேன்:
அப்படியானால் ஹேண்டில்பார் அருகே வளையும் இடத்தில் ஒயர் உள்ளே விட்டிருக்கிறது. பழைய வண்டிகளில் இது அடிக்கடி நடப்பது. வெளி உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் வருடக்கணக்கில் மடங்கி மடங்கி அறுந்து, முனைகள் தொட்டுக்கொண்டும் விலகிக்கொண்டும் இருக்கும்.

கண்டுபிடிக்க, கண்ட்ரோல் யூனிட் பக்கத்துக் கனெக்டரைக் கழற்றி அங்கிருந்து அளக்க வேண்டும். அப்போதுதான் சென்சாரோடு சேர்த்து முழு ஒயரும் அளவுக்குள் வரும். சாவியை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். ஓம் அளவில் வைத்து ஹேண்டிலை இடது ஓரம் வரை மெதுவாகத் திருப்புங்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஒரு விநாடிக்குச் சில முறைதான் எண்ணை மாற்றும், கண நேரம் தொடர்பு விட்டுப்போவதைக் கோட்டைவிடும், ஆகவே பெரும அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், முள் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. எண் குதித்தால் ஹேண்டிலை அங்கேயே நிறுத்தி, ஒயரை விரல் விரலாகப் பிடித்து அசையுங்கள். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்தால் நல்ல இடத்தில் ஒயர் விறைப்பாக நிற்கும், உள்ளே செம்பு அறுந்த இடத்தில் உறை மட்டும் நீளும்.

முதல்கியர்:
சரி, ஃபியூஸைப் பிடுங்கவில்லை. என் வண்டியில் விளக்கு வருவதே இல்லை, தலைவலி வேறு மாதிரி. நிறுத்தப் போகும்போது, கடைசிச் சில அடிகளில் லீவர் கையில் துடிக்கிறது, பிரேக் ஒரு நொடி விட்டுப் பிடிக்கிறது. உலர்ந்த நல்ல சாலையில்தான். இதற்கும் ஒயர்தானா?

பழையஇரும்பு:
உங்கள் வண்டிக்குத்தான் நான் மேலே சொன்ன இடைவெளிக் கதை பொருந்துகிறது. வேகம் குறையும்போது ஒரு சக்கரத்தின் அலை மற்றதற்கு முன்பே காணாமல் போகிறது. கண்ட்ரோல் யூனிட்டுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு சக்கரம் ஓடுகிறது, இன்னொன்று திடீரென்று நின்றுவிட்டது, அதாவது பூட்டிக்கொண்டது. உடனே அந்தச் சக்கரத்தின் பிரேக்கை விடுவிக்கிறது. நீங்கள் உணரும் துடிப்பு அதுதான். யூனிட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, வந்த தகவல் தவறு. கோளாறாகப் பதிவாகாததால் குறியீடும் இருக்காது. இதைத் தள்ளிப்போடாதீர்கள், சிக்னலில் முன்னால் நிற்கும் காரின் பின்னால் போய் முட்டுவதற்கு அந்த ஒரு நொடி போதும். முனையைச் சுத்தம் செய்து, உட்காரும் இடத்தின் துருவை எடுத்து, இடைவெளி அளந்து, வளையத்தில் பற்களுக்கு நடுவே துரு உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். டயர் வேறு அளவில் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். முன், பின் சக்கரச் சுற்றளவு விகிதம் மாறினால் யூனிட்டின் கணக்கு குழம்பும்.

நெடுஞ்சாலை:
இன்னொன்று, பலர் பயந்துபோய்க் கேட்பதால் சொல்கிறேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி என்ஜினை ஓட்டி கியர் போட்டால் பின் சக்கரம் மட்டும் சுற்றும், விளக்கு எரியும். அது கோளாறு இல்லை. சாவியை அணைத்துப் போட்டு ஓட்டினால் போய்விடும்.

மழைப்பயணி:
கிடைத்துவிட்டது. ஒயர்மேன் சொன்ன மாதிரியே அளந்தேன். இடது ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எண் மறைந்துபோனது. ஃபோர்க்கின் கீழ்ப் பிடிக்கு மேலே, ஒயரைப் பிடிக்கும் கிளிப்பை ஒட்டி, இழுத்தால் உறை நீளுகிறது. கிளிப்புக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே தளர்வே இல்லாமல் ஒயர் இறுக்கமாகப் போயிருந்தது, இடது பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் அது இழுபட்டிருக்கிறது. சென்சாரில் ஒரு குறையும் இல்லை. இப்போது இதை எப்படி இணைப்பது? சால்டர் செய்து டேப் சுற்றினால் போதுமா?

ஒயர்மேன்:
அதே இடத்தில் இணைக்க வேண்டாம். சால்டர் ஒயரை விறைப்பாக்கும், வளையும் இடத்தில் வைத்தால் சால்டர் முடியும் விளிம்பில் மறுபடி அறும். அறுந்த பகுதியை இரண்டு பக்கமும் தாராளமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் நிறைய மெல்லிய இழைகள் கொண்ட ஒயரைப் புதிதாகப் போடுங்கள், இணைப்புகள் அசையாத பகுதியில் வர வேண்டும். நல்ல கிரிம்ப் (ஒயர் முனைகளை உலோகக் குழாய்க்குள் வைத்து நசுக்கி இணைப்பது), அதன் மேல் உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாய். இரண்டு இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி வையுங்கள்.

முக்கியமான விஷயம், பழைய ஒயர் ஜோடி ஒன்றோடொன்று முறுக்கி இருந்தால் புதியதையும் அப்படியே முறுக்க வேண்டும். அலை மிகச் சிறியது, முறுக்கு இல்லாவிட்டால் இக்னிஷன் சுருளின் இரைச்சல் உள்ளே புகுந்து புதிய கோளாறு கிளம்பும். ஒயரைச் சுற்றி வலை உறை இருந்தால் அதையும் விட்ட இடத்தில் தொடர வேண்டும். கிளிப்புக்கு மேலே போதுமான தளர்வு விட்டு, ஹேண்டிலை இரண்டு ஓரமும் திருப்பிப் பார்த்த பிறகு கட்டுங்கள். பிரேக் ஹோஸோடு சேர்த்து இறுக்கிக் கட்டாதீர்கள்.

பல்சக்கரம்:
இணைத்த பிறகு குறியீட்டை அழித்துவிட்டுச் சோதியுங்கள், அழிக்காமல் விட்டால் பழைய குறியீடு அங்கேயே கிடந்து அடுத்த முறை குழப்பும். பல பழைய வண்டிகளில் ஒரு டயக்னாஸ்டிக் முனையை எர்த்தோடு இணைத்தால் விளக்கே கண் சிமிட்டிக் குறியீட்டைச் சொல்லும், அழிப்பதற்கும் பிரேக் லீவரை வைத்து ஒரு முறை இருக்கும். எந்த முனை, எந்த வரிசை என்பதைப் புத்தகம் பார்த்தே செய்யுங்கள்.

மழைப்பயணி:
இணைத்து, குறியீட்டை அழித்து, இடது வட்டம் எவ்வளவோ போட்டுப் பார்த்துவிட்டேன், விளக்கு வரவில்லை. ஆள் இல்லாத நேரான சாலையில் மெதுவான வேகத்தில் பின் பிரேக்கை அழுத்தினேன், பெடலில் துடிப்பு தெரிந்தது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு கேள்வி: பிரேக் ஆயில் மாற்றி நீண்ட நாள் ஆகிறது. அதற்கும் ஏபிஎஸ்ஸுக்கும் சம்பந்தம் உண்டா?

பழையஇரும்பு:
நிறைய உண்டு, உடனே மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரவகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் தரக் கணக்கே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஏபிஎஸ் வண்டியில் அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்த ஈரம் மாடுலேட்டருக்குள் (பிரேக் அழுத்தத்தை ஏற்றி இறக்கும் ஏபிஎஸ் பகுதி) நுண்ணிய வால்வுகளையும் பம்பையும் அரித்துவிடும். வால்வு ஒட்டிக்கொண்டால், பம்ப் மோட்டார் சுற்றாமல் நின்றால், வரும் குறியீடு வேறு, செலவும் வேறு, சென்சார் ஒயர் மாதிரி வீட்டில் முடிகிற வேலை அது இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதைத் தவறவிடாதீர்கள். மூடியில் டாட் 4 என்று இருந்தால் டாட் 4 போடுங்கள், சிலிக்கோனால் ஆன டாட் 5 வேண்டவே வேண்டாம். சில மாடல்களில் மாடுலேட்டருக்குள் இருக்கும் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற டயக்னாஸ்டிக் கருவியால் பம்பை ஓட்ட வேண்டியிருக்கும், உங்கள் வண்டி அந்த வகை என்றால் அதை மட்டும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.